அத்தியாயம் 7: சிப்பை எழுப்பும் வரிசை

என் மேசையில் நான்கு வீடியோ கேப்சர் சாதனங்கள் கிடக்கின்றன. நான்குக்கும் ஒரே கறுப்புப் பிளாஸ்டிக் உடல், வால்போல் தொங்கும் ஒரே மஞ்சள், வெள்ளை, சிவப்பு சாக்கெட்டுகள், மேலே ஒரே ‘ஈஸிகேப்’ பெயர். கணினியில் சொருகி எல்எஸ்யுஎஸ்பி கொடுத்தால்தான் தெரியும், சட்டை ஒன்று, ஆள் நான்கு பேர் என்று. முதலாவது 05இ1:0408. உள்ளே சின்டெக் நிறுவனத்தின் எஸ்டிகே1160 சிப். இரண்டாவது இபி1ஏ:2861. அது எம்பியா. மூன்றாவது 1பி71:3002, ஃபுஷிகாய் யுஎஸ்பிடிவி007. நான்காவதின் எண் 1சி88 என்று தொடங்கும். அது சோமாஜிக். ஃபர்ம்வேரை ஏற்றும்வரை அது வாயே திறக்காது.

வாங்குபவருக்கு இவை ஒரே பொருள். டிரைவர் எழுதுபவருக்கு நான்கு தனிப் பிரச்சினைகள். ஒரே சிப் இருந்தாலும் பிரச்சினை தீர்ந்துவிடாது. இரண்டு போர்டுகளில் ஒரே எம்பியா சிப் இருக்கலாம். ஒன்றில் டிகோடரின் ரீசெட் கம்பியை மூன்றாவது பின்னில் இணைத்திருப்பார்கள், மற்றதில் ஆடியோ சுவிட்சை அதே பின்னில் இணைத்திருப்பார்கள். அந்தப் பின்னில் 0 எழுதினால் ஒரு போர்டு தூங்கிவிடும், இன்னொன்றில் சத்தம் போய்விடும்.

அதனால் இந்த அத்தியாயத்தில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன்: இந்த ரெஜிஸ்டர் ரைட் சிப்புக்கு உரியதா, போர்டுக்கு உரியதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் டிரைவரில் ஒரு வரியும் சேர்க்காதீர்கள். லினக்ஸ் வீடியோ டிரைவர்களில் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை, போர்டின் தேவையைச் சிப் டிரைவருக்குள் திணித்ததால் வந்தவை.

ஒரு குறிப்பு. இங்கே ரெஜிஸ்டர் எண்கள், மதிப்புகள், ஐ2சி முகவரிகள் எல்லாம் ஹெக்ஸாடெசிமலில் உள்ளன. ஏ முதல் எஃப் வரை தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள். பிட்களை 0-இலிருந்து எண்ணுங்கள்.

உள்ளே யார் யார் இருக்கிறார்கள்

பழைய விசிஆரிலிருந்து வரும் அனலாக் சிக்னலை எண்களாக மாற்றுவது டிகோடர் சிப். பிலிப்ஸின் எஸ்ஏஏ7113, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிவிபி5150 ஆகியவை இந்த வகை. டிகோடர் தரும் எண்களைப் பொட்டலம் கட்டி யுஎஸ்பி வழியே கணினிக்கு அனுப்புவது பிரிட்ஜ் சிப். எஸ்டிகே1160, எம்பியாவின் இஎம்2860 போன்றவை பிரிட்ஜ்கள். பிரிட்ஜுக்கும் டிகோடருக்கும் நடுவில் ஐ2சி என்ற இரண்டு கம்பிப் பாதை ஓடுகிறது. கணினி டிகோடரோடு நேரடியாகப் பேச முடியாது. பிரிட்ஜிடம் சொல்ல வேண்டும், அது ஐ2சி வழியாகச் சொல்லும்.

இதே பிரிவு கெர்னலிலும் உண்டு. பிரிட்ஜுக்கு ஒரு டிரைவர், டிகோடருக்கு ஒரு டிரைவர். டிகோடர் டிரைவரைச் சப்-டிவைஸ் என்பார்கள். 2009-இல் இந்தச் சப்-டிவைஸ் கட்டமைப்பு கெர்னலுக்குள் வந்தது. எஸ்ஏஏ7115 என்ற பெயரில் உள்ள ஒரே டிரைவர் 7111, 7113, 7114, 7115, 7118 என்று ஒரு குடும்பத்தையே பார்த்துக்கொள்கிறது. அந்த டிரைவர் யுஎஸ்பி சாதனத்துக்கும் வேலை செய்யும், பிசிஐ கார்டுக்கும் வேலை செய்யும். அதனால்தான் அதில் கை வைக்கும்போது அவ்வளவு கவனம் தேவை. உங்கள் மேசையில் இருக்கும் ஒரு சாதனத்துக்காக நீங்கள் மாற்றும் மதிப்பு, நீங்கள் பார்த்தே இராத ஒரு பழைய பிசிஐ கார்டைப் பாதிக்கும்.

முதலில் கரண்ட், பிறகு கிளாக், பிறகு பேச்சு

டிகோடர் ஐ2சியில் பதில் சொல்லவில்லை என்றால், புதிதாக வருபவர்கள் உடனே முகவரி தப்பு என்று நினைக்கிறார்கள். ஓரளவு நியாயமான சந்தேகம்தான். எஸ்ஏஏ7113-இன் டேட்டாஷீட்டில் எழுதும் முகவரி 48 அல்லது 4ஏ என்று இருக்கும். லினக்ஸ் ஐ2சி அடுக்கு ஏழு பிட் முகவரி கேட்கும், அதாவது 24 அல்லது 25. டிவிபி5150-க்கு டேட்டாஷீட்டில் பி8, லினக்ஸில் 5சி. எஸ்டிகே1160 டிரைவரைத் திறந்தால் முகவரிப் பட்டியலில் 4ஏ-ஐ ஒரு பிட் வலதுபக்கம் தள்ளி எழுதியிருப்பதைக் காணலாம். டேட்டாஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு வசதியாக அப்படி எழுதுவது நல்ல பழக்கம், நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

ஆனால் முகவரி சரியாக இருந்தும் பதில் வராவிட்டால், பெரும்பாலும் டிகோடர் இன்னும் ரீசெட்டில் கிடக்கிறது, அல்லது அதற்குக் கிளாக் போகவில்லை. இரண்டும் போர்டின் சமாச்சாரம். எம்பியா சிப்களுக்கான இஎம்28எக்ஸ்எக்ஸ் டிரைவர் இதை எப்படிக் கையாள்கிறது என்பதைப் பொறுமையாகப் படியுங்கள். நான் படித்ததிலேயே இதுதான் தெளிவான பாடம்.

அதில் ‘ப்ரீ கார்ட் செட்டப்’ என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. டிகோடரைத் தேடுவதற்கு முன்பே அது ஓடும். போர்டு அட்டவணையில் சொன்ன கிளாக் மதிப்பை 0எஃப் ரெஜிஸ்டரில் எழுதும். பிறகு இஎம்2800 அல்லாத சிப்களில் 06 ரெஜிஸ்டரில் ஐ2சி வேகத்தை எழுதும். அதன்பின் 50 மில்லிசெகண்ட் காத்திருக்கும். அதற்குப் பிறகுதான் சில குறிப்பிட்ட போர்டுகளுக்கு மட்டும் பின்களை இழுத்துவிடும் வேலை. ஒரு பிளெக்ஸ்டர் போர்டுக்கு அனலாக் ஆடியோவைத் திறந்துவிடும் ஒரு வரி அங்கே தனியாக நிற்கிறது. அந்த வரி வேறெங்கும் இருக்கக் கூடாது, இடம் அதுதான்.

பின் வரிசைகளை எழுதும் விதம் இன்னும் அழகு. ஒவ்வொரு வரியிலும் நான்கு எண்கள்: எந்த ரெஜிஸ்டர், என்ன மதிப்பு, எந்தெந்த பிட்கள், எத்தனை மில்லிசெகண்ட் காத்திருப்பு. எல்லாம் மைனஸ் 1 ஆன ஒரு வரி வந்தால் பட்டியல் முடிந்தது. அனலாக் பயன்முறைக்கான பொது வரிசையில் ஒரே ஒரு வரிதான்: 08 ரெஜிஸ்டர், மதிப்பு 6டி, நான்காவது பிட்டைத் தவிர மற்றவை, 10 மில்லிசெகண்ட். டிஜிட்டலுக்கு அதே வரி, மதிப்பு மட்டும் 6இ.

மூன்றாவது எண்ணான மாஸ்க்கைப் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. டிரைவர் பழைய மதிப்பைப் படித்து, அனுமதித்த பிட்களை மட்டும் புதிதாக வைத்து, மற்றதைப் பழையபடியே விட்டு எழுதும். 6டி-ஐ இரும எண்ணில் எழுதினால் 0110 1101. நான்காவது பிட்டுக்கு அதில் 0 இருக்கிறது. மாஸ்க் இல்லாமல் எழுதியிருந்தால் அந்தப் பின் 0 ஆகியிருக்கும். மாஸ்க் இருப்பதால் அது முன்பு என்னவாக இருந்ததோ அதுவாகவே இருக்கும். ஒரு போர்டில் அந்தக் கம்பி எதோடு இணைந்திருக்கிறது என்று தெரியாதபோது, தெரியாததைத் தொடாமல் விடுவதற்கு இதைவிட நேர்மையான வழி இல்லை. உங்கள் போர்டுக்கு வரிசை எழுதும்போது மாஸ்க்கை எஃப்எஃப் என்று போட்டுவிட்டு நகராதீர்கள். எந்தப் பின் உங்களுக்குத் தேவை என்று கண்டுபிடித்து, அதை மட்டும் திறந்துவிடுங்கள்.

காத்திருப்பு நேரமும் ஊகமாக இருக்கக் கூடாது. டிவிபி5150 டிரைவரைப் பாருங்கள். பவர் வந்தபின் 20 மில்லிசெகண்ட், ரீசெட் கம்பியைப் பிடித்திருக்க 500 நானோசெகண்ட், ரீசெட் விட்டபின் ஐ2சி பேசத் தொடங்க 200 மைக்ரோசெகண்ட். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எதற்கு என்று ஒரு வரி விளக்கம். ‘100 மில்லிசெகண்ட் போட்டேன், ஓடியது’ என்பதைவிட இது எவ்வளவோ மேல். ஏனென்றால் அடுத்தவர் அந்த எண்ணைக் குறைக்கலாமா என்று யோசிக்கும்போது, ஒரு காரணம் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

எந்தப் போர்டு என்று எப்படித் தெரியும்

போர்டுக்கு உரியதைப் போர்டு அட்டவணையில் வைத்தாயிற்று. கையில் இருப்பது எந்தப் போர்டு என்று டிரைவருக்கு யார் சொல்வது?

யுஎஸ்பி எண் சொல்லும், தயாரிப்பாளர் அதை மாற்றியிருந்தால். மலிவான சாதனங்களில் மாற்றுவதில்லை, எம்பியாவின் பொது எண்ணையே விட்டுவிடுகிறார்கள். இபி1ஏ:2861 என்ற எண் எத்தனையோ வேறு வேறு போர்டுகளில் இருக்கிறது. சிப்பைக் கேட்டால் சிப்பைப் பற்றி மட்டும் சொல்லும். 0ஏ ரெஜிஸ்டரைப் படித்தால் பதின்ம எண்ணில் 18 வந்தால் இஎம்2820, 34 வந்தால் இஎம்2860, 36 வந்தால் இஎம்2883. போர்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அதனால் இஎம்28எக்ஸ்எக்ஸ் டிரைவர் இரண்டு மறைமுக வழிகளை வைத்திருக்கிறது. ஈஈபிராமில் உள்ள தரவு 1ஏ, இபி, 67, 95 என்ற நான்கு பைட்டுகளோடு தொடங்கினால் அது எம்பியாவின் ஈஈபிராம். அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு ஹாஷ் கணக்கிட்டு, தெரிந்த போர்டுகளின் ஹாஷ் பட்டியலோடு ஒப்பிடும். அது பொருந்தாவிட்டால், ஐ2சி பஸ்ஸில் எந்தெந்த முகவரிகள் பதில் சொல்கின்றன என்ற பட்டியலுக்கு ஒரு ஹாஷ் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஊகம்தான் என்று டிரைவரே லாகில் எச்சரிக்கிறது. இரண்டும் தோற்றால் மாட்யூல் ஏற்றும்போது ‘கார்ட்’ என்ற அளவுருவில் எண்ணைப் பயனர் கொடுக்க வேண்டும். பழைய பிடிடிவி டிரைவரின் காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். பிடி848 சிப் வந்த நாட்களில் கார்டைத் தனியாக அடையாளம் காட்டும் எண்ணே அதில் இல்லை. அதனால் அந்த டிரைவரின் கார்டு பட்டியல் 160-ஐத் தாண்டி வளர்ந்து நிற்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. போர்டைக் கண்டுபிடிக்கிறேன் என்று ஐ2சி பஸ்ஸை வெளிக் கருவிகளால் துழாவாதீர்கள். ஈஈபிராமின் முகவரி 50. அங்கே தவறான ஒரு ரைட் போனால் உள்ளே இருக்கும் தரவு அழியும், அடுத்த முறை சொருகும்போது சாதனம் தன் பெயரையே மறந்து வரும். இப்படி ஈஈபிராம் அழிந்த சாதனங்களுக்கு மீண்டும் எழுதித் தரும் ஒரு ஸ்கிரிப்ட் வி4எல்-யூடில்ஸ் தொகுப்பில் இருக்கிறது. அது இருக்கும் அளவுக்கு இந்த விபத்து நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். புதிய போர்டு கையில் வந்தால் முதல் வேலை, டிரைவர் லாகில் காட்டும் ஈஈபிராம் தரவை ஒரு கோப்பில் எடுத்து வைப்பது.

சிப்பே வேறு என்றால்: ஜிஎம்7113சி கதை

இதுவரை சொன்னது சுலபமான பாதி. போர்டு வேறு, சிப் ஒன்று. இப்போது கடினமான பாதி: சிப் பார்க்க ஒன்றுபோல் இருக்கிறது, ஆனால் ஒன்றல்ல.

எஸ்ஏஏ7113 ஓய்ந்த காலத்தில் அதன் நகலாக ஜிஎம்7113சி வந்தது. பின் அமைப்பு அதேதான். ஐ2சி முகவரி அதேதான். ரெஜிஸ்டர்களும் ஏறத்தாழ அவையேதான். மலிவான ஈஸிகேப்களில் பிலிப்ஸ் சிப் இருந்த இடத்தில் இது உட்கார்ந்துகொண்டது.

பிலிப்ஸ் சிப்பை அடையாளம் காண எஸ்ஏஏ7115 டிரைவர் ஒரு வித்தை செய்கிறது. ரெஜிஸ்டர் 0-இல் 0 எழுதிப் படிக்கும், 1 எழுதிப் படிக்கும், இப்படிப் பதினாறு முறை. வரும் பைட்டுகளின் கீழ்ப் பாதிகளை வரிசையாக வைத்தால் நடுவில் எஃப், 7, 1, 1 என்று தெரியும், அடுத்த இலக்கம் 3 என்றால் 7113. ஜிஎம்7113சி-யிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன வரும்? அதன் டேட்டாஷீட்டின்படி பதிப்பு 1, 2 இரண்டுதான் உண்டு. ஆனால் ‘ஜிஎம்7113சி 1145’ என்று அச்சிட்ட ஒரு சிப்பைச் சோதித்தபோது, பதினாறு முறையும் 10 என்றே சொன்னது. பதிப்பு 0 என்று பொருள், டேட்டாஷீட்டில் இல்லாத பதிப்பு. டிரைவரில் இந்த விவரம் அப்படியே கருத்துரையாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது: எந்த அச்சு கொண்ட சிப், என்ன பதில், அதனால் என்ன முடிவு. முதல் நான்கு இலக்கமும் 0 என்றால் ஜிஎம்7113சி என்று ஏற்றுக்கொள்கிறது. டேட்டாஷீட்டும் சிப்பும் முரண்பட்டால் சிப்பை நம்புங்கள், முரண்பாட்டை எழுதி வையுங்கள்.

அடையாளம் கண்டாயிற்று. இனி எழுப்புவது. இங்கேதான் இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டிய விஷயம் இருக்கிறது.

எஸ்ஏஏ7115 டிரைவரில் 7113-க்கு ஒரு தொடக்க மதிப்பு அட்டவணை உண்டு. ரெஜிஸ்டர், மதிப்பு, ரெஜிஸ்டர், மதிப்பு என்று ஓடும். அந்த அட்டவணையில் ஒரு மதிப்பு செல்லாதது. இன்னும் சில டேட்டாஷீட் சொல்வதோடு ஒத்துப்போகாது. ஜிஎம்7113சி-க்கு ஆதரவு சேர்க்க வந்தவர்கள் இதைக் கண்டார்கள். இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் அட்டவணையைத் திருத்துவார்கள். தவறு தெரிகிறது, திருத்து, அவ்வளவுதானே?

திருத்தவில்லை. 2013-இல் நடந்த அந்த மாற்றத்தில் பழைய அட்டவணை அப்படியே விடப்பட்டது. ஏனென்றால் அந்தத் தவறான மதிப்புகளோடுதான் எத்தனையோ போர்டுகள் இத்தனை ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுகூட அவர்கள் மேசையில் இல்லை. அதற்குப் பதிலாக அட்டவணைக்கு மேலே ஒரு கருத்துரை எழுதினார்கள்: இதில் செல்லாத மதிப்பு ஒன்று இருக்கிறது, சரியான அட்டவணை வேண்டுமென்றால் பிளாட்ஃபார்ம் டேட்டாவில் கேளுங்கள், ஜிஎம்7113சி-க்கான அட்டவணை கிடைக்கும் என்று.

பிளாட்ஃபார்ம் டேட்டா என்பது பிரிட்ஜ் டிரைவர் டிகோடர் டிரைவரிடம் கொடுக்கும் சீட்டு. சப்-டிவைஸைப் பதிவு செய்யும்போதே ஐ2சி போர்டு விவரத்தோடு அது போகும். அந்தச் சீட்டில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். சரியான அட்டவணையைப் பயன்படுத்து என்று ஒரு ஆம்/இல்லை. பிறகு 08 ரெஜிஸ்டரின் கிடைமட்ட ஒத்திசைவு முறை. 10-இன் வெளியீட்டு வடிவம். 12-இல் ஆர்டிஎஸ்0, ஆர்டிஎஸ்1 என்ற இரண்டு பின்களில் எந்தச் சிக்னல் வெளிவர வேண்டும் என்பது. 13-இல் ஒரு பிட். எல்லாம் போர்டைப் பொறுத்தவை. ஆர்டிஎஸ் பின்னை எங்கே இணைத்திருக்கிறார்கள் என்பது சிப்புக்குத் தெரியாது, பிரிட்ஜுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தச் சிக்னலைப் பெற எந்த பிட்டை எழுத வேண்டும் என்பது பிரிட்ஜுக்குத் தெரிய வேண்டியதில்லை, சிப் டிரைவருக்குத் தெரிந்தால் போதும். ஆள் மாறாமல் அவரவர் வேலை.

இந்தச் சீட்டில் ஒரு நுட்பம் உண்டு. ஆம்/இல்லை தவிர மற்றவை எல்லாம் நேரடி மதிப்புகள் அல்ல, பாயிண்டர்கள். முதன்முறை பார்த்தபோது எனக்கு ஏன் என்று புரியவில்லை. பிறகுதான் புரிந்தது: 0 என்பதும் செல்லுபடியாகும் ஒரு மதிப்பு. 0 என்று எழுதச் சொல்கிறார்களா, ஒன்றும் சொல்லவில்லையா என்று பிரித்துப் பார்க்க வழி வேண்டும். பாயிண்டர் நல் ஆக இருந்தால் ‘தொடாதே’ என்று அர்த்தம். பழைய போர்டு எதற்கும் எதுவும் மாறாது.

சப்-டிவைஸ் செயல்பாடுகளில் ‘இனிட்’ என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். புதிய டிரைவர்களில் பயன்படுத்த வேண்டாம் என்று அதன் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு சிப்புக்குச் சிப் வேறு அர்த்தம் கொள்ளும் வழி அது. அதைத் தொடாதீர்கள். யுஎஸ்பி அல்லாத, கைக்கடக்கமான எஸ்ஓசி போர்டு என்றால் டிவைஸ் ட்ரீயில் சொல்லுங்கள். டிவிபி5150-இன் ரீசெட் பின், பவர்டவுன் பின் இரண்டும் அங்கே எழுதப்படும்.

சுவடு எடுப்பதும் வாசிப்பதும்

டேட்டாஷீட் இல்லாத போர்டுக்கு ஒரே வழி, தயாரிப்பாளர் வேறோர் இயங்குதளத்துக்குத் தரும் டிரைவர் என்ன எழுதுகிறது என்று ஒட்டுக்கேட்பது. மெய்நிகர் கணினியில் அந்த இயங்குதளத்தை ஓட்டி, சாதனத்தை அதற்கு ஒப்படைத்து, லினக்ஸ் பக்கத்தில் யுஎஸ்பிமான் மாட்யூலை ஏற்றிப் போக்குவரத்தைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவுதான் சுவடு. டீபக்எஃப்எஸ்ஸில் பஸ் எண்ணோடு ‘யு’ சேர்ந்த கோப்பைப் படித்தாலே எழுத்தாக வரும். வயர்ஷார்க்கிலும் பார்க்கலாம்.

எஸ்டிகே1160 சுவட்டில் உதாரணத்துக்கு இப்படி நான்கு வரிகள் அடுத்தடுத்து வரும்:

எஸ் 40 01 004ஏ 0203 0000 0
எஸ் 40 01 0008 0204 0000 0
எஸ் 40 01 0098 0205 0000 0
எஸ் 40 01 0001 0200 0000 0

40 என்பது சாதனத்தை நோக்கிப் போகும் தயாரிப்பாளர் கோரிக்கை. 01 என்பது ரைட். அதை அடுத்து மதிப்பு, பிறகு ரெஜிஸ்டர். பார்த்தால் நான்கு ரெஜிஸ்டர்கள் மாறுவதுபோல் இருக்கும். உண்மையில் இவை நான்கும் சேர்ந்து ஒரே ஒரு காரியம். 203-இல் ஐ2சி முகவரி, 204-இல் டிகோடரின் ரெஜிஸ்டர் எண், 205-இல் அதன் மதிப்பு, 200-இல் 1 எழுதினால் ‘அனுப்பு’. அடுத்து 201-ஐப் படித்து முடிந்ததா என்று பார்ப்பார்கள். ஆக இந்த நான்கு வரியின் தமிழ் இது: டிகோடரின் 08 ரெஜிஸ்டரில் 98 எழுது.

இன்னும் ஒரு படி இறங்குங்கள். 98 என்றால் 1001 1000. ஏழாவது பிட் 1, அதாவது 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று சிப்பே பார்த்துக்கொள்ளும். ஆறாவது பிட்டில் அதைக் கையால் தேர்ந்தெடுக்கலாம், இங்கே 0. நான்காவது, மூன்றாவது பிட்கள் இரண்டும் 1, அதாவது வேகமாகப் பூட்டிக்கொள்ளும் ஒத்திசைவு முறை. இந்த அளவுக்கு வாசித்தபிறகுதான் இது சிப்பின் மதிப்பு என்று சொல்ல முடியும், பிரிட்ஜ் டிரைவரில் எண்ணாக ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை என்றும் புரியும். ஜிஎம்7113சி-யில் தர அமைப்பு (பால் அல்லது என்டிஎஸ்சி) மாறும்போது டிரைவர் தானியங்கி பிட்டை அணைத்துவிட்டு, 525 வரி என்றால் ஆறாவது பிட்டை 1 ஆக்குகிறது, 625 வரி என்றால் 0 ஆக்குகிறது. நம் ஊர்ப் பழைய கல்யாணக் கேசட்டுகள் எல்லாம் பால் முறை, 625 வரி. அவற்றை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது.

சுவட்டை வாசிக்காமல் அப்படியே அட்டவணையாக ஒட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். நானும் ஒட்டியிருக்கிறேன். நூற்றுக்கணக்கான ரைட்கள், படம் வந்தது, மகிழ்ச்சியாகப் படுக்கப் போனேன். மறுநாள் காலை அதே டிரைவர், அதே சாதனம், பச்சைத் திரை. பச்சை என்றால் பஃபரில் ஒன்றும் வரவில்லை, எல்லாம் 0. ஒய்யுவி-யில் எல்லாம் 0 என்பது திரையில் பச்சையாகத்தான் தெரியும். அரை நாள் தேடியபின் காரணம் கிடைத்தது. முந்தைய இரவு மெய்நிகர் கணினியை மூடிவிட்டு, சாதனத்தைக் கழற்றாமலேயே என் டிரைவரை ஏற்றியிருந்தேன். டிகோடரை ரீசெட்டிலிருந்து எடுத்தது என் வரிசை அல்ல, அதற்கு முன் ஓடிய மற்ற டிரைவர். கரண்ட் போகாததால் அந்த நிலை அப்படியே இருந்தது. நான் எழுதிய வரிசையில் அந்தப் பின்னே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் சாதனத்தைப் பிடுங்கி, பத்து விநாடி விட்டுத்தான் சொருகுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இதைவிடப் பயனுள்ள ஒரு வரி இந்த அத்தியாயத்தில் இல்லை.

யுஎஸ்பிடிவி007 மாதிரி சிப்களுக்கு வாசிக்கவும் வழியில்லை. டிகோடரும் பிரிட்ஜும் ஒரே துண்டில் இருக்கின்றன, ஆவணம் ஏதும் இல்லை. லுபோமிர் ரின்டெல் எழுதி 2013-இல் கெர்னலுக்கு வந்த அந்த டிரைவரைத் திறந்தால், சி000-ஐ அடிப்படையாகக் கொண்ட ரெஜிஸ்டர் ஜோடிகள் வரிசையாக நிற்கும். மேலே இருக்கும் கருத்துரைகள் சாதனத்தை இயக்குவதுபோல் தெரிகிறது என்றும், வெளிச்சம் போன்ற நிற அளவுகளைப் பாதிப்பதுபோல் தெரிகிறது என்றும்தான் சொல்கின்றன. ‘தெரிகிறது’ என்ற அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். தெரிந்ததற்கும் ஊகித்ததற்கும் நடுவே கோடு போட்டுக் காட்டுகிறது அது. பால், என்டிஎஸ்சி இரண்டுக்கும் பொதுவானவை ஒரு அட்டவணை, மாறுபவை தனித்தனி அட்டவணை என்று பிரித்திருப்பதும் அதே நேர்மைதான். இரண்டு சுவடுகளை ஒப்பிட்டு, மாறியதை மட்டும் தனியே எடுத்தால் இந்தப் பிரிவு தானாகக் கிடைக்கும்.

சில சிறிய கண்ணிகள்

யுஎஸ்பி கட்டுப்பாட்டுச் செய்திக்குக் கொடுக்கும் பஃபர் ஸ்டாக்கில் இருக்கக் கூடாது. ஒரு பைட் என்றாலும் கேமாலாக் செய்தே கொடுங்கள். 4.9 கெர்னலில் ஸ்டாக் மெய்நிகர் நினைவுக்குப் போனபிறகு, பழைய டிரைவர்கள் பல இதனாலேயே விழுந்தன.

ஒவ்வொரு ரைட்டின் விடையையும் பாருங்கள். அட்டவணையில் ஐந்தாவது வரி தோற்று, மீதி முப்பதும் போய்ச் சேர்ந்தால், சிப் எந்த நிலையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. தோற்ற இடத்தில் நிறுத்தி, ரெஜிஸ்டர் எண்ணோடு லாகில் எழுதிவிட்டுத் திரும்புங்கள்.

வரிசையின் முடிவை எஸ்டிகே1160-இலிருந்து கற்றுக்கொள்ளலாம். எசெகியெல் கார்சியா எழுதி 2012-இல் வந்த டிரைவர் அது. டிகோடரைப் பதிவு செய்தபின் அதற்கு ரீசெட் சொல்கிறது, ஸ்ட்ரீமை நிறுத்தச் சொல்கிறது, அதன்பிறகே பிரிட்ஜின் சொந்த ரெஜிஸ்டர்களைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருகிறது, பிறகு உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கிறது, கடைசியாக ஆடியோ. யாரும் கேட்காமல் டிகோடர் தரவு அனுப்பத் தொடங்கிவிடக் கூடாது.

கணினி தூங்கி எழும்போது யுஎஸ்பியில் கரண்ட் போய் வந்திருக்கலாம். போயிருந்தால் டிகோடர் மறந்திருக்கும். எழுப்பும் வரிசையைப் ப்ரோபுக்குள் எழுதாமல் தனி ஃபங்ஷனாக எழுதியிருந்தால், ரெஸ்யூமிலும் அதையே கூப்பிடலாம். பின்கள், கிளாக், டிகோடர், தர அமைப்பு, உள்ளீடு என்று அதே வரிசை.

பேட்ச் அனுப்பும்போது

இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். முதல் பேட்ச் சிப் டிரைவருக்கு: புதிய விருப்பம் ஒன்றைச் சேர்க்கிறது, யாரும் கேட்காவிட்டால் பழையபடியே நடக்கும். இரண்டாவது பேட்ச் பிரிட்ஜ் டிரைவருக்கு: உங்கள் போர்டு மட்டும் அந்த விருப்பத்தைக் கேட்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், எதிர்காலத்தில் ஒரு பழைய கார்டு உடைந்து பைசெக்ட் செய்பவர் உங்கள் பேட்சில் வந்து நிற்பார், உடைத்தது எந்தப் பாதி என்று அவருக்குத் தெரியாது.

விளக்கத்தில் சிப்பின் மேல் அச்சிட்ட எழுத்தை அப்படியே எழுதுங்கள், லென்ஸ் வைத்தாவது படியுங்கள். எல்எஸ்யுஎஸ்பி எண், ஐ2சி முகவரி, சுவட்டிலிருந்து சம்பந்தப்பட்ட வரிகள், அந்த வரிகளுக்கு நீங்கள் கண்ட பொருள் எல்லாம் இருக்கட்டும். பொருள் தெரியாததற்குத் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.

அனுப்புவதற்கு முன் சாதனத்தைப் பிடுங்கிப் பத்து விநாடி விடுங்கள். சொருகுங்கள். வி4எல்2-கம்ப்ளையன்ஸ் ஓட்டுங்கள். பால் சிக்னல் ஒன்றும் என்டிஎஸ்சி சிக்னல் ஒன்றும் கொடுத்துப் படம் பாருங்கள். கணினியைத் தூங்கவைத்து எழுப்பி, மறுபடி பாருங்கள். அதே டிகோடர் உள்ள வேறு ஏதாவது பழைய கார்டு நண்பரிடம் இருந்தால், அதை ஒரு மாலைக்கு இரவல் வாங்கி, உங்கள் கெர்னலோடு சொருகிப் பாருங்கள்.